இடுப்பளவு கேட்டு வந்தவர்

மழை தூறலாக ஆரம்பிக்கிற மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. வந்ததும் வராததுமாகக் கொட்டித் தீர்த்தது.

சுகாதார நிலையத்து ஊழியன் ஆட்டோவிலிருந்து குதித்து, எதிரே தெரிந்த தையல்கடைக்குள் ஓடினான். கையில் நோட்டீஸ் கட்டு. தலையிலிருந்து வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு நிமிர்ந்தால்...

தையல் மெஷின் முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப். உதட்டுக்கு நடுவே இரண்டு குண்டூசி. அந்தக் கண்கள் இருக்கிறதே... இவனைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒன்றையொன்று கலந்து பேசிக்கொள்வது போல இருந்தன. அவன் பேச வேண்டியதை மறந்துபோனான். பிறகு ஞாபகம் வந்து பேசினான். மறந்தே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, ஒரு உதவி... இந்தத் தெருவுல இருக்கிற பொம்பளைங்களோட இடுப்பளவு கொஞ்சம் வேணும்."

சட்டைக் காலரில் செருகியிருந்த மைக்கை அவன் அணைக்கவில்லை. ஆட்டோவின் தலையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, மழையையும் மீறி, அந்த வேண்டுகோளைத் தெருமுனை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. குடையோடு போனவர்கள் நின்றார்கள். மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அவள் எழுந்து வந்தாள். அவன் காலரில் இருந்த மைக்கை அணைத்தாள். பிறகுதான் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

"அளவு நோட்டு கடையை விட்டு வெளிய போகாது சார். கட்டின புருஷனே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். அப்புறம்... நான் உங்களுக்கு அக்கா இல்ல. உங்களைவிட ரெண்டு வயசாவது கம்மியாத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலத்துக்குள் தெருவே அவனுக்கு 'இடுப்பு சார்' என்று பெயர் வைத்துவிட்டது.

அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, பாவம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய வீடுகள். இந்தப் பக்கம் நாலு மாடிக் குடியிருப்புகள், லிஃப்ட் இல்லாமல். நடுவில் பத்து நிமிஷத்தில் நடந்து கடந்துவிடக்கூடிய பாலம். ஆனால் ஐம்பது வயதுக்குள் பக்கவாதம் வந்து விழுந்த பெண்கள், போன வருஷம் மட்டும் பதினோரு பேர், பதினோரு பேரும் இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கத்து வீடுகளைப் பெருக்கித் துடைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள். ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் விழுந்தவர்கள்.

இதைச் சரிசெய்யத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு முகாம் போட்டான். தவறாமல் வந்தவர்கள் மூன்று கிழவர்கள். அவர்களும் மின்விசிறிக்கு அடியில் பேப்பர் படிக்க வந்தவர்கள். இடுப்பளவு ஏறுவதுதான் முதல் அறிகுறி என்று எங்கோ படித்தவன், தையல்கடையைப் பார்த்ததும் புதையல் கிடைத்த மாதிரி பாய்ந்துவிட்டான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனான். கடையில் அவளுடைய அப்பாவும் இருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது மகளின் கடையில் கொக்கியும் பட்டனும் தைக்கிறார், சமயத்தில் மெஷினும் மிதிக்கிறார். இவனை மேலும் கீழும் பார்த்து, ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார்.

மன்னிப்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவள் பேச ஆரம்பித்தாள். காலை பத்து மணிக்கு இந்தத் தெருவில் எந்தப் பெண் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டாள். எல்லாரும் வேலை முடித்துத் திரும்பவே இரண்டாகிவிடும், நாலு மணிக்குத் தண்ணீர் வண்டி. அதற்குப் பிறகு அவர்களுக்கு நேரம் கிடையாது. முகாமில் பேரைச் சொல்லி, வியாதியைச் சொல்லி உரக்கக் கூப்பிடுகிறார்கள். ஒருத்திக்குச் சர்க்கரை என்று கூப்பிட்டார்கள், அந்த வாரமே அவள் மகளுக்கு வந்த சம்பந்தம் நின்றுபோனது. பிறகு எவள் வருவாள்?

"உங்க நோட்டீஸ்ல தினமும் அரை மணி நேரம் நடங்கன்னு போட்டிருக்கு," என்றாள். "படம் வேற... பூங்காவுல ஒரு அம்மா ஷூ போட்டு ஓடுறாங்க. இங்க இருக்கறவங்க நாலு மாடி குடத்தைத் தூக்கிட்டு ஏறுறாங்க சார். இதைப் படிச்சுட்டு எல்லாரும் என்ன சிரிப்பு சிரிச்சாங்க தெரியுமா?"

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் பையிலிருந்து நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அவள் கொஞ்சம் அசந்துதான் போனாள். இதுவரை வந்த எந்த அதிகாரியும், அவள் சொல்லி, எதையும் எழுதியதில்லை.

ஒரு வாரம் கழித்து வந்தபோது அவன் கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் இருந்தது. கடைக்குப் பின்னால் அளவெடுக்கிற சின்ன அறை, அதற்கு ஒரு கனத்த திரை. அந்தத் திரைக்குப் பின்னால், இரண்டிலிருந்து நாலு மணி வரை, அவளே பார்க்கலாம் என்றான். பேர் வேண்டாம். அவளுடைய அளவு நோட்டில் ஒவ்வொருத்திக்கும் இருக்கிற நம்பர் போதும். அழுத்தம் ஏறியிருந்தால் ஒரு சீட்டு. அதைக் கொண்டுபோனால் சுகாதார நிலையத்தில் நர்ஸ் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், அதையும் பேசி முடித்துவிட்டான்.

"நீங்க எங்க இருப்பீங்க?"

"வெளியதான். திரைப் பக்கமே வரமாட்டேன்."

முதலில் பழக வேண்டுமே... அவன் கையை நீட்டினான். அவள் பட்டையைச் சுற்றினாள். துணியோடே வாழ்கிற விரல்கள் ஆயிற்றே, ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்தது. அவள் குனிந்தபோது காதோரத்து முடிக்கற்றை ஒன்று அவன் மணிக்கட்டைத் தொட்டுவிட்டுப் போனது. மெஷின் நூற்று நாற்பத்தாறு என்றது.

"உங்களுக்கே ஜாஸ்தியா இருக்கே சார்..." அவள் நிஜமாகவே பயந்தாள்.

மெஷினில் ஏதோ கோளாறு என்றான். அவள் தன் அப்பாவுக்குச் சுற்றிப் பார்த்தாள். நூற்று இருபது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர், கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகு கடை அமர்க்களப்பட்டது. ரவிக்கை தைக்க வருகிறவளிடம் டேப்பைப் போட்டபடியே அவள் சொல்வாள், போன தடவையைவிட மூணு இஞ்ச் கூடியிருக்கு, துணி பத்தாது, அப்படியே கையையும் நீட்டுங்க அக்கா என்று. நோட்டீஸில் சொன்னால் சிரித்த பெண்கள், டேப் சொன்னால் கேட்டுக்கொண்டார்கள். எண்ணெயைக் குறைப்பது எப்படி, உப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் சமையலையே வைத்து அவள் பேசினாள். ஆறு வாரத்தில் நூற்று நாற்பது பேர்.

அவனோ வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சும்மா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார். அவன் தைத்த கொக்கிகள் எல்லாம் வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. தினமும் நாலு மணிக்கு மேல் அவள் அதையெல்லாம் பிரிப்பாள். பிரித்துக்கொண்டே, இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா சார் என்பாள். அவன் மறுநாளும் வந்து தப்பாகத் தைப்பான்.

ஒருநாள் இஸ்திரிக்கார அக்கா, சும்மா தலைவலி என்று வந்து கையை நீட்டினாள். இருநூற்றுப் பத்து. திரைக்குள்ளிருந்து அவள் கூப்பிட்ட குரலில் அவன் ஊசியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். ஆட்டோவில் ஏற்றி, ஒலிபெருக்கியில் வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அக்காவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் இருந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஒரு பக்கம் விழுந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது அவள் கை அவன் கைக்குப் பக்கத்திலேயே சீட்டில் கிடந்தது. பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தே அவனுக்குப் பாலம் முடிந்துபோயிற்று.

வினை மேலதிகாரி அம்மாள் ரூபத்தில் வந்தது.

நூற்று நாற்பது என்ற எண்ணைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல மனுஷிதான். ஆனால் நல்ல காரியம் என்றால் அதற்கு ஒரு பலகை வேண்டும் அவருக்கு. அவள் நூல் வாங்கப் போயிருந்த நேரத்தில் ஆட்களோடு வந்து, 'சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் பரிசோதனை மையம்' என்று கடை வாசலில் எட்டடிப் பலகையை மாட்டினார். பெயர்ப்பட்டியலும் நாளைக்கே வேண்டும் என்றார். அவன் வாயைத் திறந்தான்... திறந்து, சரிங்க மேடம் என்றான்.

அன்று இரண்டு மணிக்கு ஒருத்தியும் வரவில்லை. தைத்து முடித்த துணியை வாங்கக்கூட வரவில்லை.

அவள் ரத்த அழுத்த மெஷினைத் துடைத்து, பட்டையைச் சுருட்டி, அப்பாவிடம் கொடுத்து அவனிடம் தரச் சொன்னாள். நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தான் அவன்.

அன்றைக்கே அவன் பலகையைக் கழற்றினான். ஸ்டூல் சறுக்கி முழங்காலும் பெயர்ந்தது. பிறகு அலுவலகத்துக்கு நொண்டிக்கொண்டே போய், பெயர் கொடுக்க முடியாது, நம்பர்தான் கொடுக்க முடியும் என்று எழுதி நீட்டினான். அந்த அம்மாள் கோபத்தில் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், இஸ்திரிக்கார அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து அந்த அம்மாளின் மேஜையில் வைத்தான். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அவன் எழுதியதில் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் தையல்கடைக்குப் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. பதிலாக, பெண்கள் வேலை முடிந்து வருகிற பாலத்து முனையில் போய் நின்றான். தினமும். ஒவ்வொருத்தியிடமும், தப்பு என்னுது, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க என்று சொன்னான்.

பலகை மாட்டிய ஒன்பதாவது நாள் இஸ்திரிக்கார அக்கா பாலத்திலிருந்து இறங்கி வந்தாள். முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"எங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம் தம்பி? நீ யாருகிட்ட சொல்லணும்னு தெருவுக்கே தெரியும். உனக்குத்தான் தெரியல."

எட்டுப் பெண்கள் அவனை நடுவில் விட்டு நடத்திக்கொண்டு போனார்கள். கையோடு மெஷின் பை. கடைக்குள் தள்ளி, திரைக்குப் பின்னாலும் தள்ளிவிட்டு, அவர்கள் வெளியே உட்கார்ந்துகொண்டார்கள்.

அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பலகையைக் கழட்டினதும் தெரியும், முட்டி பெயர்ந்ததும் தெரியும்," என்றாள். "பலகை மாட்டினது அவங்க. ஆனா மாட்டும்போது நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்க. அதைத்தான் தாங்க முடியல."

"ஆமா. நின்னேன்... பயந்துட்டேன்."

சாக்குச் சொல்வான் என்று காத்திருந்தவள் போல அவள் கத்தரிக்கோல் பாதி வழியில் நின்றது. நம்பர் மட்டும் போதும் என்று கையெழுத்து வாங்கியதை அவன் சொன்னான். அவ்வளவுதானா என்று கேட்டாள்.

வெளியே அப்பாவின் தையல் மெஷின் சத்தம் சுத்தமாக நின்றுபோயிருந்தது. எட்டுப் பெண்களின் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"அப்பா, மெஷினை மிதிங்க," என்றாள் அவள்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. துணி இல்லாமல், கடகடவென்று.

"இல்ல... அவ்வளவுதான் இல்ல," என்றான் அவன். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. சாயங்காலம் நீங்க பிரிக்கணும்னே தப்புத் தப்பா தைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சரியா தைக்க மூணாவது நாளே வந்துடுச்சு."

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. இரண்டில் எதை நம்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஒன்பது நாளா ரெண்டு மணி ஆனா திரையை விலக்கி வாசலைப் பாத்துக்கிட்டே வெட்டுறேன். மூணு பேர் துணி பாழாப் போச்சு." குரல் தழைந்தது. "இனிமே முடியாது என்னால. எங்கயும் போகாத... இங்கயே இரு."

சார் இல்லை. 'இருங்க'வும் இல்லை.

வெளியே அப்பா, வெறும் மெஷினை இன்னும் வேகமாக மிதித்துக்கொண்டிருந்தார்.