மூலையில் ஒரு கட்டை விரல்

மிஸ் ரென்னி டார்ச்சும் கூர் ஊசியுமாகப் படியேறி வந்தபோதே மோர்வனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எடின்பரோவின் அந்தப் பழைய கல் கட்டடத்தில் வீடு வீடாகப் போய் மரச் சன்னல்களைச் சோதிப்பது அவருடைய வேலை. நல்ல சன்னலுக்குப் பச்சைச் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. அழுகியதற்குச் சிவப்பு. சிவப்பு விழுந்தால் சன்னல் சட்டத்தைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டாம் மாடி மெக்ஃபெய்ல் தாத்தா, மிஸ் ரென்னி திரும்பிய நேரம் பார்த்துச் சிவப்பைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல நின்றாராம்.

அம்மா கதவைத் திறந்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள். மோர்வன்தான் சமையலறைச் சன்னலைக் காட்டினாள்.

மேலும் கீழும் நகரும் சன்னல் அது. வெளிப்பக்கம் துடைப்பதற்காகக் கீழ்ச்சட்டத்தைக் கதவுபோல உள்ளே திருப்பவும் செய்யலாம். சனிக்கிழமைதோறும் அம்மா அப்படித் திருப்பித் துடைப்பாள். இடது கீழ் மூலை வந்ததும் துணியை எடுத்துவிடுவாள்.

போன வருடம் மோர்வனின் பந்து பட்டு அந்தக் கண்ணாடி உடைந்தது. அப்பாவே புதுக் கண்ணாடி பொருத்தினார். அதைப் பிடித்து நிறுத்தும் மக்குப் பசையை வெளிப்பக்கம் சுற்றிலும் அப்பி, மூலையில் தன் கட்டை விரலை அழுத்தினார். "படம் வரையறவங்க மூலையில கையெழுத்துப் போடுவாங்கல்ல? இது என்னோடது," என்றார். குளிர்காற்றில் மகளுக்கு இருமல் வருகிறதென்று பெயின்டைத் தடியாக, மூன்று முறை பூசினார். கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டார்.

பனி விழத் தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

மிஸ் ரென்னி கீழ்ச்சட்டத்தை உள்ளே திருப்பி, அந்த மூலைக்குக் கீழே மரத்தில் குத்தினார். ஊசி கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது.

"இந்த மூலையில பெயின்ட் இல்ல. மழைத்தண்ணி இது வழியா உள்ள போயிருக்கு. மத்த இடமெல்லாம் தடிப் பூச்சு, வெளிய வர வழியில்ல. யாரு பண்ணினது?"

"அப்பா. எனக்கு இருமல் வரக்கூடாதுன்னு."

அவர் அலமாரியில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் இருமினியா?"

"இல்ல."

"அப்போ அவரு நெனச்சது நடந்திருக்கு," என்றார். ஆனாலும் சிவப்பை எடுத்தார்.

அந்த மூலையை மட்டும் விட்டுவிடக் கூடாதா என்று மோர்வன் கெஞ்சினாள். விட்டால் அழுகல் பரவி முழுச் சன்னலும் போய்விடும் என்றார் அவர். பெயர்த்து வைத்துக்கொள்ளவும் முடியாது, தொட்டாலே உதிரும். மோர்வனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுதுகொண்டே அவருடைய பைக்குள் பார்த்தாள். ஒரு டப்பாவில் புது மக்கு இருந்தது.

"மிஸ், எனக்கு அதுல கொஞ்சம் தருவீங்களா?"

மிஸ் ரென்னி ஒரு உருண்டை கிள்ளிக் கொடுத்தார். பிசைந்த ரொட்டி மாவு பலகையில் ஒட்டாமலிருக்க அம்மா உலர்ந்த மாவு தூவுவது அவளுக்கு நினைவு வந்தது. தன் படத் தூரிகையால் அப்பாவின் குழிக்குள் மெல்ல மாவு தடவினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு புது மக்கை அழுத்தினாள். எடுத்தபோது பழையது பொடிப்பொடியாகக் கொட்டிவிட்டது.

அவள் உள்ளங்கையில் அப்பாவின் கட்டை விரல் இருந்தது. ரேகைகள், குறுக்கே ஒரு தழும்பு, எல்லாம் இருந்தன.

அம்மாவின் அறைக்கு ஓடினாள். அம்மா அதைக் கையில் வாங்கினாள். தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"ரொட்டி அறுக்கறப்போ வெட்டிக்கிட்டாரு. கண்ணு எங்க இருக்குன்னு திட்டினேன்."

இருவரும் கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதார்கள். மிஸ் ரென்னி கூப்பிடவில்லை. தானே கெட்டிலில் தண்ணீர் வைத்து மூன்று கோப்பைகளில் தேநீர் போட்டார்.

சில வாரங்களில் சட்டம் பட்டறையிலிருந்து புதுக் கீழ்க்கட்டையோடு வீடு திரும்பியது. அதற்குள் மக்கு விரல் இறுகிக் கல்லாகி, அலமாரியில் அப்பா படத்தருகே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மா கண்ணாடியை மூலைவரைக்கும் துடைத்தாள்.