மூடியைத் திறக்காதே

பெட்டி ஓயவே இல்லை. எலக்ட்ரீஷியனின் காதில் முதலில் உறுத்தியது அதுதான். பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டி என்றால், நாலு டிகிரியைத் தொட்டதும் மோட்டார் நின்று கொஞ்சம் மூச்சு வாங்கும், சூடு ஏறினால் மறுபடி கிளம்பும். இதுவோ, காலை எட்டு மணிக்கு ஏரிக்கரை மரநிழலில் கூடாரம் அடித்து முடித்ததிலிருந்து, சேற்று வாசனைக்கும் ஈர இலை வாசனைக்கும் நடுவே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுகிற ஆள் மாதிரி விடாமல் முனகிக்கொண்டிருந்தது. மோட்டார் நிற்காமல் ஓடினாலும் ஒரு நாள் முழுக்கத் தாங்க வேண்டிய பேட்டரி, பதினொரு மணிக்கே பாதியாகிவிட்டது.

அவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இருபது வருடமாக வீடு வீடாக வயர் இழுத்தவன். ஐஸ் கட்டியெல்லாம் எதற்கு, பேட்டரியிலேயே மூன்று நாள் ஓட்டிக்காட்டுகிறேன் என்று மச்சானிடம் மார்தட்டிவிட்டு வந்தவன். பாலும் மீனும் கெட்டால் கெட்டுத் தொலையட்டும்; மனைவியின் இன்சுலினும் அதற்குள்தான் இருந்தது. அது வீணாகிவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் அவனுக்குக் கோபம்தான் வரும்.

மூடியின் மேல் உள்சூட்டைக் காட்டும் சிவப்பு எண் ஒன்பதில் இருந்தது. நீதான் சும்மா சும்மா திறக்கிறாய் என்று அவள் மேல் பாய்ந்தான். தொடவே இல்லை என்றாள். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போய்விடும் என்று அன்றைக்கு நாலாவது முறையாகப் பாடம் நடத்தினான். அதோடு விட்டானா? கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து மூடியோடு சேர்த்துப் பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றினான். அவள் முகம் வாடிவிட்டது. கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பொத்தானை அழுத்தி, நாலில் வைத்திருந்த குளிர் அளவை இரண்டாகக் குறைத்தான். எண் பதினான்குக்கு ஏறியது. பூஜ்யத்துக்குக் குறைத்தான். இருபது. இன்சுலின் உறையக் கூடாதுதான். இருபதில் எது உறையப் போகிறது?

"ஏங்க, குளிருதுங்க. போர்வை எடுத்துக் குடுங்க."

உச்சி வேளையில் மரநிழலிலும் கூடாரம் வெந்துகொண்டிருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பதறிப்போய்ப் பிஸ்கட் கொடுத்தான், விரலில் குத்திப் பார்த்தான். ரத்தம் எட்டிப்பார்க்கவே வெகுநேரம் ஆனது. சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. இருந்த இரண்டு போர்வையையும் இழுத்து மூடினான்.

"வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டாள்.

"அரை மணி நேரம் பொறு. சரி பண்ணிடறேன்."

மைனஸ் ஐந்து. எண் இருபத்தெட்டு. பக்கவாட்டுச் சல்லடையில் கை வைத்துப் பார்த்தான். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும் வழி அது; அனலாக அடிக்க வேண்டிய காற்று சில்லென்று வந்தது. வயரை மாற்றி மாட்டித் தொலைத்தோமா? இல்லை. சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். அதுவரை படித்த படிப்பும் செய்த வேலையும் அவனைப் பார்த்துச் சிரித்தன.

கூடாரத்துக்குள் பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. அவன் பொத்தானை விடவில்லை. மைனஸ் பத்து. மைனஸ் பதினைந்து. ஒரு பெட்டிக்கு இவ்வளவு திமிரா? மைனஸ் இருபது. அதற்குக் கீழே போகவில்லை.

பல் தந்தியடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

நிழலில் முப்பத்தொரு டிகிரி என்று அவர்கள் வந்த கார் காட்டியது. நிழலில் கிடக்கும் பெட்டி நிழலைத் தாண்டிச் சூடாக வழியே இல்லை. எண் தாண்டியது. முப்பத்து மூன்று. முப்பத்தைந்து. முப்பத்தேழில் வந்து நின்றது. அசையாமல் நின்றது.

முப்பத்தேழு அவனுக்குத் தெரிந்த எண். காய்ச்சல் இல்லாத ஆளின் உடம்புச் சூடு.

வயரைப் பிடுங்கினான். முனகல் நின்றது. காலையிலிருந்து முதல் அமைதி. போதும், போய்விடலாம். மச்சான் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். அதைச் சொல்லத்தான் கூடாரத்துக்குள் குனிந்தான்.

போர்வை நனைந்திருந்தது. விலக்கினான். அவள் கையெல்லாம் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். கழுத்திலும். நெற்றியிலும். குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்து வைத்தால் பூக்குமே, அப்படி. தொட்டான். விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தான்.

கண் திறந்தே இருந்தது. உதடு மூடியிருந்தது.

"ஏங்க."

உதடு அசையவில்லை. குரல் வெளியிலிருந்து வந்தது.

"உள்ள புழுங்குதுங்க. மூடியத் தொறங்க."

தவழ்ந்து வெளியே வந்தான். வயர் மண்ணில் கிடந்தது. பேட்டரி தனியாக. சிவப்பு எண் மட்டும் அணையவில்லை. முப்பத்தேழு.

டேப்பில் நகத்தை வைத்தான். ஒரு சுற்றுப் பிரிந்தது. கை நின்றது.

திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போய்விடும். காலையிலிருந்து அவளுக்குச் சொன்னவன் அவன்தான்.

முப்பத்தாறு. திறக்காவிட்டாலும் சூடு இறங்கிக்கொண்டிருந்தது.

மூடி மேல் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பு. அதற்கு நேர் கீழே, உள்ளிருந்து, தட்டல். மெதுவாக. அவள் கோபமாக இருக்கும்போதுகூட இவ்வளவு மெதுவாகத்தான் கதவைத் தட்டுவாள்.

முப்பத்தைந்து.