மேண்டில் கக்கிய கல்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், 1974ஆம் ஆண்டு கரிக்கலாம்பாக்கத்தில் மாபெரும் விஞ்ஞான உண்மை ஒன்று வெளியானது. வெளியிட்டவர் திருவிழாக் கமிட்டித் தலைவர் பலராமன். விஞ்ஞானத்துக்கு மட்டும் அது தெரியாது.

நடந்தது இதுதான். பம்பு செட்டருகே கிடந்த கறுப்புத் துவைகல்லை, ஜீப்பில் வந்த பாறை ஆராய்ச்சி அதிகாரி ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"செஞ்சிப் பக்கத்துக் கல்லு. எரிமலைக் குழம்பு இறுகினது. மேண்டில்லேர்ந்து வந்திருக்கு" என்றார். டீ குடிக்கப் போய்விட்டார்.

ஊருக்குத் தெரிந்த மேண்டில் ஒன்றே ஒன்றுதான்: பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் கட்டும் வெள்ளை வலைப்பை.

தலைவர் நேராகப் பள்ளிச் சிறுமி செலின் மேரியின் வீட்டுக்கு வந்தார். அவள் அப்பா இன்னாசிமுத்து வாடகைக்கு விளக்கு விடுபவர்.

"இன்னாப்பா இன்னாசி, மேண்டில் கல்லு கக்குதாமே! ஆபீசரே சொல்லிட்டாரு. சாமி ஊர்வலத்துல தெறிச்சா ஜனங்க மண்ட இன்னா ஆவறது? உன் வெளக்கு வேணாம்."

"இத்தினி வருசமா ஒண்ணும் தெறிக்கலீங்களே..."

"விஞ்ஞானத்தோட வாதாடாத!" தலைவர் கிளம்பிவிட்டார்.

அப்பா துடைத்த விளக்கையே மறுபடி துடைத்தார். அந்த வாடகை வராவிட்டால் செலினுக்குப் புதுச் சீருடை கிடையாது.

செலின் ஒரு மேண்டிலை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்கியது. துவைகல்லிலோ மூன்று பேர் உட்காரலாம்.

"இதுலேர்ந்து அது எப்டிப்பா வரும்?"

பதிலுக்குக் காத்திராமல் டீக்கடைக்கு ஓடினாள். அங்கே தலைவரும் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்த மேண்டில் எங்க இருக்கு?"

"நம்ம காலுக்குக் கீழதான் பாப்பா. பூமிக்கு மேல ஓடு மாதிரி பாறை. அதுக்கு அடியில ஆயிரம் மைலுக்கு மேல கனமா சூடான பாறை. அதுக்குப் பேருதான் மேண்டில். தரை இழுபட்டு விரிஞ்சா, அதுல கொஞ்சம் உருகி வெடிப்பு வழியா மேல வரும்."

"கூழு மேல கட்டுன ஆடை கிழிஞ்சா உள்ளேர்ந்து கொப்புளிக்குமே, அப்டியா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கோ. இது இருநூறு கோடி வருஷத்துக்கு முந்தின கூழு."

"அப்ப பெட்ரோமாக்ஸ் இல்லியே?"

கடையே சிரித்தது. தலைவர், எப்போதோ ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

செலினுக்குப் பாவமாக இருந்தது. "ரெண்டுக்கும் ஒரே பேரு மாமா. யாருக்குன்னாலும் கொழம்பும்."

தலைவர் சட்டென நிமிர்ந்தார். "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்! உங்கப்பாவ எல்லா வெளக்கையும் எடுத்தாரச் சொல்லு. அந்தக் கல்லு நம்ம ஊரு பொக்கிஷம். சுத்தி வேலி போடணும், பலகை வெக்கணும். பலகையில எம் பேரு மேல வரணும்!"

மறுநாள் காலை அந்தக் கல்லில் தலைவரின் வேட்டியைத் துவைத்தார்கள்.