புகைக்கல் வீடு

தை மாதத்தில் வட்டகொடைப் பக்கம் வாயைத் திறந்தாலே வெள்ளையாக ஆவி வரும். மேலே போகும், கலையும், அவ்வளவுதான். அன்று விடிந்தும் விடியாத நேரத்தில், பின்குசினி அடுப்பின் முன் குந்தி, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலை மிலாறுக் குச்சிகளை ஊதிப் பற்றவைத்துக்கொண்டிருந்த இசபெல், தன் வாயிலிருந்து வந்த ஆவி மேலே போகாமல், தரைக்கு மேலாக ஒரு கோடு போல நீண்டு, வாசலைத் தாண்டி, படுக்கிற அறையின் கறுப்புச் சுவர் வரைக்கும் போவதைக் கண்டாள். அடுப்புப் புகையும் அதன் பின்னாலேயே போனது.

காற்றாக இருக்கும் என்று பார்த்தால், கதவும் சன்னலும் சாத்தியே இருந்தன.

"ஏன், ஒனக்கும் குளிருதாக்கும்?" என்று சுவரைக் கேலி செய்துவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

நாலு தலைமுறையாகத் தோட்டத்து லய வரிசையில், பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒற்றை அறைக் காம்பராவில் முட்டிமோதிக் கிடந்த குடும்பத்துக்கு, ஏழு பேர்ச் காணியோடு சொந்தமாக வந்த வீடு இது. கட்டியது புகைக்கல்லில். கொழும்பில் ரோட்டோரம் பெரிய மெஷின்களை நிறுத்தி, பஸ் புகையையும் லொறிப் புகையையும் உறிஞ்சி, அந்தக் கரியைச் சிமெந்தோடு குழைத்து அடித்த கல். உள்பக்கம் பூசாமல் ஒருவரும் குடிபோகக் கூடாது என்று இஞ்சினியர் ஐயா இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஆறு மூட்டை சிமெந்து இறக்கிப் போனார். தோட்டத்து ஆட்களுக்கு வீடு என்று ஒன்று கிடைத்தால், முதல் வேலை பின்பக்கம் ஒரு குசினி இழுப்பதுதான். லயத்திலும் அதைத்தானே செய்தார்கள். இசபெல் இரண்டு மூட்டையைக் குசினித் தரைக்குக் கொட்டினாள். படுக்கிற அறையில் ஒரு சுவர் பூசாமல் நின்றது. கறுப்புச் சுவர்தானே, கரி பிடித்தாலும் தெரியாது, மெதுவாகப் பூசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சுவரோரம்தான் அவள் புருஷன் ஜோர்ஜ் படுத்தான். பதினெட்டு வருஷம் கொழும்பில் த்ரீவீலர் ஓட்டி, நெஞ்சு முழுக்கக் கறுப்புச் சளியோடு திரும்பி வந்தவன். ராத்திரி பூரா இருமுவான். அவனைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்திலேயே இசபெல் பாதித் தூக்கம் தூங்குவாள்.

புது வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இருமல் பாதியாகக் குறைந்தது.

"இந்தச் சொவருக்குப் பக்கத்துல படுத்தா நெஞ்சு லேசா இருக்கு புள்ள," என்றான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, அழுதே விட்டாள்.

இரண்டாவது வாரம் இருமல் சுத்தமாக நின்றது. ஆனால் அவன் வெயிலுக்கு வரவில்லை. சோறு போட்ட தட்டு அப்படியே இருந்தது. அவன் தலை வைக்கும் இடத்தில் சுவர் ஈரமாகப் பளபளத்தது. தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. சுற்றிலும் மைல் கணக்காகத் தேயிலையும் பனியும் மட்டுமே இருக்கிற மலையில், அறைக்குள் கொழும்பு வாசம் அடித்தது. டீசலும் சுட்ட டயரும் மழை விட்ட தார் ரோடும் கலந்த வாசம். அவன் மூச்சை விடும்போதெல்லாம், சூடான தேத்தண்ணியை உறிஞ்சிக் குடிப்பது போல ஒரு சின்னச் சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது.

பக்கத்து வீட்டு வேலாயி வந்து எட்டிப் பார்த்தவள், வாசற்படியைத் தாண்டவில்லை.

"இசபெல் அக்கா, அண்ணனக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துருங்க. அந்தச் சொவரு சரியில்ல."

"எதுக்குடி வரணும்? எங்க தாத்தா தொரைக்குப் பயந்தாரு. எங்கப்பா கங்காணிக்குப் பயந்தாரு. நான் கல்லுக்குப் பயப்படணுமா? இருபது வருசம் கேட்டுக் கேட்டு வாங்கின வீடு. பூசிட்டாச் சரியாயிரும், பாரு."

அன்றைக்கே சிமெந்து வாங்கிப் பூசினாள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புவதற்குள் பூச்சு காய்ந்த அப்பளமாக நொறுங்கி விழுந்தது. அதிலிருந்த தண்ணீரையெல்லாம் சுவர் குடித்திருந்தது. சாணி மெழுகினாள். அதையும் குடித்தது. "குடிச்சுத் தொலை! நீயா நானான்னு பாத்துருவோம்," என்று கத்திவிட்டு, கட்டிலை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போட்டு, ஜோர்ஜை அதில் படுக்கவைத்து, வேலாயியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள்.

மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஏறி வரும்போது, வேலாயி வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். உள்ளே சத்தமே இல்லை. கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் ஆள் இல்லை.

ஜோர்ஜ் சுவரோரம் முழங்காலிட்டிருந்தான். வாய் சுவரில் ஒட்டியிருந்தது.

தோளைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தான். வெறும் கொழுந்துச் சாக்கின் கனம்கூட இல்லை. வாசலுக்குத் தூக்கிப் போய்க் கிடத்தினாள். கண் திறந்திருந்தது. நெஞ்சு ஏறவில்லை. வாயருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

மூச்சு இல்லை.

அப்போது வீட்டுக்குள்ளே யாரோ இருமினார்கள்.

அவன் இருமல். பதினெட்டு வருஷத்து இருமல். அவளுக்குத் தெரியாதா!

பயத்துக்கு மேலே கோபம் வந்தது. வேலியோரம் கிடந்த அலவாங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த இரும்பால் சுவரைக் குத்தினாள். ஒரு குத்து. இரண்டு. மூன்றாவதில் ஒரு கல் பொத்துக்கொண்டது. உள்ளே கறுப்பு இல்லை. சிவப்பு. ஈரம். துடித்தது.

"இடிக்காத புள்ள," என்றது ஓட்டை, ஜோர்ஜின் குரலில். "நெஞ்சு வலிக்குது."

அலவாங்கு கையிலிருந்து நழுவியது.

"அக்கா, வெளிய வந்துருங்க!" வாசலிலிருந்து வேலாயி அலறினாள்.

"வரமாட்டேன் போடி! வீட்டையும் குடுக்க மாட்டேன். மனுசனையும் குடுக்க மாட்டேன்." சுவரைப் பார்த்துத் திரும்பினாள். "ஒனக்கு மட்டுந்தான் உறிஞ்சத் தெரியுமா?"

ஓட்டையில் வாயை வைத்தாள். உறிஞ்சினாள்.

கசப்பு. கரி. டீசல். யார் யாருடையதோ எச்சில். எத்தனை ஆயிரம் பேர் மூச்சோ. தொண்டை எரிந்தது. விடவில்லை. உறிஞ்சினாள்.

"அக்கா! அண்ணனுக்கு நெஞ்சு ஏறுது!"

கடைக்கண்ணில் வாசல் தெரிந்தது. பனிக்குள் ஜோர்ஜ் கிடந்தான். அவள் இழுத்தாள், அவன் நெஞ்சு ஏறியது. அவள் நிறுத்தினாள், நின்றது. மறுபடி இழுத்தாள். ஏறியது.

வாயை எடுத்தால் அவன் இல்லை. புரிந்தது.

கல்லின் விளிம்பு மெத்தென்று இளகியது. சூடாக அவள் உதட்டைச் சுற்றி வந்தது. பிறகு கன்னத்தை. மெல்ல மூடியது.

இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றினாள். கண்ணை மூடவில்லை.

உறிஞ்சினாள்.