பதினோரு எண்கள்

பணம் கட்டும் இடத்திலிருந்த சின்னத் திரையில் 'பாங்*ஷிக் அவர்களே, நல்வரவு' என்று எழுத்து ஓடியது. மிரான் அதை இரண்டு முறை படித்தாள். பெயரில் ஓரெழுத்தை மறைத்து நட்சத்திரம் போட்டுவிட்டால் வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக இந்தப் பெரிய கடைக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. அந்த நட்சத்திரத்துக்குள் இருப்பது யாரென்று அவளுக்குத் தெரியும். பாங் மான்-ஷிக். ஐந்து வாரத்துக்கு முன், அவன் குளித்துக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில், ஆறு வயது மகள் நாரியையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு யாரிடமிருந்து ஓடிவந்தாளோ, அந்தக் கணவன்.

அவனுடைய கைபேசி எண்ணை அழுத்தியது அவளுடைய விரல்தான். பூசானில் பதினோரு வருடம், எதை வாங்கினாலும் கடை தரும் தள்ளுபடிப் பாயிண்ட் எல்லாம் வீட்டுக்காரர் எண்ணில்தான் சேரும். எந்த வீட்டிலும் அப்படித்தான். காசாளர் "பாயிண்ட் இருக்கா?" என்று கேட்டு முடிப்பதற்குள் விரல் பதினோரு எண்களையும் அழுத்திவிடும். பூசானை விட்டு இந்தக் குன்சானுக்கு ஊரை மாற்றினாள். முடியை வெட்டினாள். கைபேசியை மாற்றினாள். விரலை மாற்ற மறந்துவிட்டாள், பாவி.

ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'குன்சான் கிளைக்கு இது உங்கள் நான்காவது வருகை.' நான்கு புதன்கிழமை. நான்கும் இதே மாலை நான்கு மணி. ஒவ்வொரு முறையும் கிளையின் பெயர், நேரம், வாங்கிய பொருள் எல்லாம் அவன் கைபேசிக்குச் செய்தியாகப் போயிருக்கும்.

"நகருங்க மேடம், பின்னாடி ஆளு நிக்கிறாங்க" என்றாள் காசாளர், முகத்தைப் பார்க்காமலே.

வாடிக்கையாளர் சேவைக் கவுன்ட்டரில் சீட்டு எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. மீன் பகுதியிலிருந்து உருகும் பனிக்கட்டியின் உப்பு வாடையும், வாசலில் சுடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கருகல் மணமும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன. ஜன்னலே இல்லாத அந்தக் கடையின் வெள்ளை விளக்குகள் எல்லா நிழல்களையும் துடைத்து வைத்திருக்க, ஒரு பெண் குரல் பாடிய கடைப் பாட்டு முடிந்த இடத்திலிருந்தே மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. நாரி மேல்தளத்து விளையாட்டு அறையில் பத்திரமாக இருக்கிறாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"இந்த நம்பர்ல இருக்கிற என் விவரத்தை எல்லாம் அழிக்கணும்ங்க. இன்னிக்கே."

கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தைத் தள்ளினாள். "பேரு, இப்போ இருக்கிற விலாசம், இப்போ பேசுற நம்பர். எல்லாம் முழுசா எழுதணும்."

மிரான் எழுதினாள். நம்பிக்கையான இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த புது எண்ணையும் எழுதினாள். கவுன்ட்டர் பெண் அதைக் கணினியில் தட்டி முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இது பாங் மான்-ஷிக்னு ஒருத்தர் பேர்ல இருக்கு மேடம். அவர் வந்து சொன்னாதான் அழிப்போம். தனியுரிமை விதி."

"அவரு என் வீட்டுக்காரரு."

"அப்போ என்ன, அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

மிரான் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குத் தெரியக் கூடாதும்மா. தயவு பண்ணு."

"வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதாம்!" அந்தப் பெண் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சத்தமாகச் சொன்னாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். "என்னத்த ஒளிச்சு வாங்கினாளோ, மகராசி" என்றது பின்னாலிருந்து ஒரு வயதான குரல். மிரானுக்கு அவமானத்தில் காது சுட்டது. நாலு பேர் நடுவில் இடுப்புத் துணியை உருவிவிட்ட மாதிரி இருந்தது.

"சரி மேடம், நீங்க எழுதின விண்ணப்பத்தோட நகல் தானாவே அவர் போனுக்குப் போயிடுச்சு. ஒரு வார்த்தை கேட்டுடறேன்." அவள் தொலைபேசியை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம். போன் போடாதே. போடாதேம்மா!"

கை எட்டவில்லை. அந்தப் பெண் எண்ணை அழுத்திவிட்டாள்.

கடைப் பாட்டு முடிந்து மறுபடி தொடங்குவதற்கு இடையிலிருந்த அந்தச் சின்ன மௌனத்தில் இன்னொரு பாட்டு கேட்டது. பழைய டிரோட் பாட்டு. லாரிக்காரர்கள் கேட்பது. பதினோரு வருடமாக அவன் மாற்றாத அழைப்பொலி. அது படியேறி வரும்போதெல்லாம் அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுவாள்.

மேலே கேட்டது. மேல்தளத்தில்.

சட்டென்று நின்றது.

"கட் பண்ணிட்டாரு" என்றாள் கவுன்ட்டர் பெண்.

மிரான் ஓடினாள். மேல்தளத்துக்குத் தானாக ஏறிப் போகும் நகர்பாதையின் வாயிலில் காவலாளி கையை நீட்டி மறித்தான். "எங்கே ஓட்டம்? ரசீதைக் காட்டுங்க."

ரசீது கவுன்ட்டரிலேயே கிடந்தது. "என் பொண்ணு மேல இருக்கா. விடுங்க ஐயா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. பையைக் கொட்டுங்கம்மா."

கொட்டினாள். முள்ளங்கி உருண்டது. அரிசிக் கேக். நாரிக்கு வாங்கிய உள்ளாடை. அவன் ஒவ்வொன்றாக எடுத்து விலைச்சீட்டைப் பார்த்தான். அவசரமே இல்லாமல் பார்த்தான். கூட்டம் வேடிக்கை பார்த்தது. அவன் குனிந்திருந்தபோது அவள் அவனைத் தாண்டி ஏறிவிட்டாள்.

ஏறும்போதுதான் நினைவு வந்தது. விளையாட்டு அறை வாசலிலும் உறுப்பினர் எண் கேட்டார்கள். அதே விரல். அதே பதினோரு எண்கள். குழந்தையின் கையில் கட்டிய மஞ்சள் பட்டையில் அதைத்தான் அச்சடித்தார்கள்.

விளையாட்டு அறையில் வண்ணப் பந்துகள் அசையாமல் கிடந்தன.

"நாரியா? அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரே மேடம்." பார்த்துக்கொள்ளும் பெண் சிரித்தாள். "நம்பர் சரியாச் சொன்னாரு. தங்கமான மனுஷன். எனக்கும் ஒண்ணு வாங்கித் தந்தாரு பாருங்க." அவள் மேஜையில் ஸ்ட்ராபெரி பால். நாரிக்குப் பிடித்தது. "அடித்தளத்துல கார்கிட்ட நிக்கிறாங்களாம். உங்களை வரச் சொன்னாரு."

"போலீசைக் கூப்பிடும்மா."

"அப்பாதானே மேடம்?"

அதற்கு மேல் நின்று பேச அவளுக்கு நேரமில்லை. அடித்தளத்துக்கு இறங்கும் நீண்ட நகர்பாதையில் கால் வைத்தாள். படிகள் இல்லாத சரிவு. முன்னால் ஒரு தள்ளுவண்டி. பின்னால் இன்னொன்று. சரிவில் வண்டிகளின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். யார் தள்ளினாலும் நகராது. முன்னால் ஓட வழியில்லை. திரும்பவும் வழியில்லை. கீழிருந்து குளிர்ந்த சிமென்ட் வாடையும் கார்ப் புகையும் ஏறி வந்தன. விளக்குகள் மங்கின.

முதலில் அவன் காலணி தெரிந்தது. பிறகு தேய்த்து மடித்த கால்சட்டை. பிறகு ஒரு சின்ன மணிக்கட்டும் மஞ்சள் பட்டையும், அவற்றைப் பிடித்திருந்த கையும்.

நாரி பால் குடிக்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அழவும் இல்லை.

"நாரி!"

குழந்தை நிமிரவில்லை.

அவன் நிமிர்ந்தான். மறு கையில் கைபேசி இருந்தது. அதில் எதையோ பார்த்து, நிதானமாகக் கட்டைவிரலால் ஒரு முறை தொட்டான். காதில் வைத்துக்கொண்டான்.

மிரானின் சட்டைப் பைக்குள் புதுக் கைபேசி அதிர்ந்தது.

அவன் சிரித்தான்.

பாதை நகர்ந்துகொண்டே இருந்தது. கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. பத்தடி. எட்டடி.

"எடு" என்று அவன் வாய் அசைந்தது.