பின் இடது சக்கரத்துக் கீச்சல்

காருக்குள் சத்தம் கேட்குது என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுவார்கள். ஆரையம்பதிக் கராஜில் விஜிதரன் பதினொரு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கோயில் தலைவர் ஒருவர் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியிருக்கிறார். சட்டத்தரணி ஒருவர் கால்மணி நேரம் தவளையாக இருந்துவிட்டுப் போனார். விஜிதரன் ஒருநாளும் சிரித்ததில்லை. டொக்டர் சிரித்தால் நோயாளி என்ன நினைப்பார்?

மேனுகா டீச்சர் வந்தது கார்த்திகை மாதத்துப் பின்னேரம் ஒன்றில். மூன்று நாளாக ஊற்றிய மழை அப்போதுதான் கொஞ்சம் விட்டிருந்தது. கூரைத் தகரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வாவிப் பக்கமிருந்து வந்த சேற்று வாடை கிறீஸ் வாடையோடு கலந்து கராஜுக்குள் நின்றது.

"கீ...ச்," என்றார் டீச்சர். "கொஞ்சம் பொறுத்து மறுகா, கீ...ச்."

"பிரேக் பிடிக்கக்குள்ளயா, பள்ளத்தில விழக்குள்ளயா?"

"ரெண்டுக்கும்தான். சிலவேளை சும்மா நிக்கக்குள்ளயும்."

"சும்மா நிக்கிற கார் சத்தம் போடாது டீச்சர்."

"அதக் காருக்குச் சொல்லுங்க தம்பி. எனக்கு இண்டைக்குள்ள வேணும்."

டீச்சரின் தங்கை அஜந்தா பழுகாமத்தில் நிறைமாதமாக இருந்தாள். புருஷன் கட்டாரில். வீட்டுக்குப் போகிற றோட்டில் முழங்கால் தண்ணீர் என்று ஓட்டோக்காரர் எல்லாரும் வர மறுத்துவிட்டார்கள். வலி வந்தால் அவளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக இந்த ஒரு கார்தான்.

விஜிதரன் காரை ஜெக்கில் ஏற்றினான். சத்தம் பின் இடப்பக்கம் என்று டீச்சர் சொன்னதால் அந்தச் சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் லைனர் இன்னும் ஒரு வருடம் ஓடும். புஷ் எல்லாம் நல்லாயிருந்தன. இருந்தாலும் கிறீஸ் வைத்தான். ஷொக் அப்சோபரில் எண்ணெய்க் கசிவு இல்லை. சக்கரத்தைப் பூட்டிக் காரை இறக்கினான்.

கீ...ச்.

பழைய பழக்கத்தில் காரின் நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தான். மூன்று மூலை துள்ளி எழும்பின. பின் இடது மூலை எழும்பவில்லை. மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது, ஆள் இருக்கிற காரைப் போல. டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரலை வைத்து அளந்தான். வலப்பக்கம் நான்கு விரல். இடப்பக்கம் இரண்டு.

"டிக்கிக்குள்ள அரிசி மூட்டை ஏதும் கிடக்கா டீச்சர்?"

"ஒண்டுமில்ல. திறந்து பாருங்க."

ஒன்றுமில்லைதான்.

வாவித் தோணிக்காரர் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன்சத்தம் கேட்பார்கள். விஜிதரனிடம் அதற்கு ஒரு நீட்டுத் திருப்புளி இருந்தது. குனிந்து அதன் நுனியைப் பின் இடது ஸ்பிரிங்கின் அடியில் வைத்து, கைபிடியைக் காதோடு அழுத்தினான்.

எஞ்சின் ஓடவில்லை. காருக்குள் எவரும் இல்லை. டீச்சர் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஸ்பிரிங் ஒரு நூல் இறங்கியது. ஒரு நூல் ஏறியது.

இறங்கியது. ஏறியது.

அவனுக்குத் தெரிந்த ஒரே ஒரு பொருள்தான் அந்த வேகத்தில் ஏறி இறங்கும். ஒரு நெஞ்சு.

திருப்புளியை எடுத்துத் துடைத்தான். துடைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

"எப்ப இருந்து டீச்சர் இந்தச் சத்தம்?"

"போன வெள்ளி. பழுகாமத்துக்குப் போகக்குள்ள."

"அண்டைக்கு என்ன நடந்த? கல்லில ஏத்தினீங்களா, பள்ளத்தில விட்டீங்களா?"

"ஒண்டுமில்ல. சரியான மழை. பாலத்தடியில ஒரு அம்மா பொலித்தீன போத்திக்கிட்டு நிண்டா. பஸ்ஸும் இல்ல. எப்பயும் போல நிப்பாட்டினன். பின்கதவத் திறந்து ஏறினா. எங்க போறீங்க எண்டு கேட்டன். பதிலில்ல. காது கேளாது போல எண்டு நான் பாட்டுக்கு என்ர கதையச் சொல்லிக்கிட்டுப் போனன்."

"அவவ எங்க இறக்கினீங்க?"

டீச்சர் நெற்றியைச் சுருக்கி, ஓடிய றோட்டை மனதால் திரும்ப ஓடிப் பார்த்தார்.

"தம்பி," என்றார் மெல்ல. "இறக்கின ஞாபகம் இல்ல."

கீ...ச்.

அந்த நேரம் பார்த்துத்தான் டீச்சரின் போன் அடித்தது. அஜந்தா பேசவில்லை. மூச்சு வாங்கினாள். தண்ணிக்குடம் உடைந்துவிட்டது என்பது மட்டும் விளங்கியது.

டீச்சர் போனை நெஞ்சோடு பிடித்தபடி அவனைப் பார்த்தார். "கார் ஓடுமா?"

அவன் பதினொரு வருடத்தில் சொன்ன பதில்களிலேயே பாரமான பதில் அது.

"காரில பிழையில்ல," என்றான். "நானும் வாறன்."

டீச்சர் ஓட்டினார். விஜிதரன் முன்சீட்டில் இருந்தான். பின்னால் பார்க்கிற கண்ணாடியை டீச்சர் கூரைப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். களுவாஞ்சிக்குடி கழியும்போது வானம் ஈயம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து பதில் வந்தது.

பாலத்தடியில் "நிப்பாட்டுங்க" என்றான்.

இறங்கிப் போய்ப் பின் இடது கதவைத் திறந்தான். ஈரத்துணி வாடை வந்தது. சீட்டின் மெத்தையில் ஒரு குழி இருந்தது, ஒரு ஆள் இருக்கும் அளவில்.

"அம்மா," என்றான். "ஏறின இடம் வந்துட்டு. இறங்குங்க."

காற்று பாலத்துக் கம்பிகளில் ஊதியது.

சீட் மெத்தை மெல்ல மேலே வந்தது. அவனுக்கு மூச்சும் வந்தது. போகிறா என்றே நினைத்தான்.

பிறகு நடுவில் ஒரு குழி விழுந்தது. பிறகு வலப்பக்க ஓரத்தில்.

வழியில் நிற்கிற காரில் கதவு திறந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான். இன்னொரு ஆள் ஏறப் போகிறது. உள்ளே இருப்பவர் ஒதுங்கி இடம் விடவேண்டும்.

அவ ஒதுங்கி இடம் விட்டிருந்தா.

விஜிதரன் கதவைச் சாத்திவிட்டு முன்சீட்டில் ஏறினான். "இறங்கினாவா?" என்று டீச்சர் கிசுகிசுத்தார்.

கீ...ச். இப்போது வலப்பக்கத்திலிருந்து.

அஜந்தாவின் வீட்டு வாசலில் தண்ணீர் நின்றது. இரண்டு பேருமாக அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். "முன்னால இருங்க," என்று விஜிதரன் கெஞ்சினான். அவள் ஏறிப் பார்த்தாள். வலியில் காலை மடக்கி இருக்க முடியவில்லை. "ஏலா அண்ணன், எனக்குச் சாய வேணும்," என்று தானாகவே பின்கதவைத் திறந்து இடப்பக்கம் விழுந்துவிட்டாள்.

அவளுக்கும் அந்தப் பாரத்துக்கும் நடுவில் தான் ஏறி இருக்கவேண்டும் என்று விஜிதரனுக்குத் தெரியும். கதவைப் பிடித்தான். கால் எழும்பவில்லை. இரண்டு தரம் முயன்றான். அந்தக் கால் அவனுடைய சொல்லைக் கேட்கவில்லை.

முன்னாலேயே ஏறினான்.

தண்ணியைக் கிழித்துக்கொண்டு கார் போனது. பின்னால் அஜந்தா முனகினாள். வலி கூடியது, குறைந்தது. கார் பாலத்தைத் தாண்டியது. ஒரு வலிக்கும் அடுத்ததற்கும் இடையில் அவள் பேசினாள்.

"அக்கா."

"சொல்லு புள்ள. கிட்டத்தான்."

"இவ ஆரு?"

டீச்சரின் கை கண்ணாடிப் பக்கம் போய், பாதியில் திரும்பி ஸ்டியரிங்குக்கே வந்தது.

"கை சரியான குளிரு," என்றாள் அஜந்தா. "ஆனா நல்லாப் பிடிச்சிருக்கா. விடுறா இல்ல."

விஜிதரன் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "வழியில ஏத்தின ஆள் தங்கச்சி," என்றான். அதில் பொய் இல்லை.

ஆசுப்பத்திரி வரைக்கும் டீச்சர் வேகத்தைக் குறைக்கவில்லை.

வாசலில் ட்ரொலி வந்தது. அஜந்தாவை ஏற்றினார்கள். அவளுடைய வலக்கை ட்ரொலிக்கு வெளியே நீண்டு, எதையோ இறுக்கிப் பிடித்தபடி போனது. அந்தக் கைக்குள் ஒன்றும் இருக்கவில்லை. டீச்சர் கிளினிக் அட்டையையும் உடுப்புப் பையையும் தேடிக் காருக்குள் துழாவிக்கொண்டிருந்தார்.

விஜிதரன் காரைச் சுற்றி வந்தான். விரலை வைத்து அளந்தான். இடப்பக்கம் நான்கு. வலப்பக்கம் நான்கு. பின்மூலையை அமத்தினான். துள்ளி எழும்பியது.

"டீச்சர், சத்தம் போய்ட்டு!" என்றான். சிரித்தும் விட்டான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். டீச்சர் பின்னால் ஓடிவந்தார். பிரசவ வாட்டுக் கதவில் நின்ற காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"துணைக்கு ஒராள்தான் உள்ள விடலாம்."

"நான்தான் அந்த ஒராள்," என்றார் டீச்சர் மூச்சு வாங்க. "நான் தமக்கை. இப்ப கொண்டுபோன புள்ளைக்கு."

காவலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்கு ஒராள் போய்ட்டாவே," என்றார். "கையப் பிடிச்சிக்கிட்டே போனா."

கதவுக்கு அப்பால் அஜந்தா வீரிட்டாள். "அக்கா... அக்கா..."

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறக்குமுன், உள்ளேயிருந்து இன்னொரு குரல் முந்திக்கொண்டது. ஈரமான, நிதானமான குரல்.

"ஓம் மகள். இஞ்சதான் இரிக்கன்."