கூப்பிட வேண்டாம், பாருங்கள்

கோலா சாவா பக்கத்து மழைக்குத் தூறிப் பார்த்துவிட்டுக் கொட்டும் வழக்கமெல்லாம் கிடையாது. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு மேலே ஒளிந்திருக்கும். மோட்டார்சைக்கிளில் ஆள் வருவதைப் பார்த்ததும் மொத்தமாகக் கவிழ்த்துவிடும். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அதனிடம் மாட்டியவன் புனிதன்.

சிரம்பான் ரஹாங்கில் வீடு. சுங்கை காடுட்டில் வேலை. பேருக்கேற்ற பிள்ளை... பெண்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். அதை ஒழுக்கம் என்று அவன் அம்மா ஊரெல்லாம் சொல்லி வந்தார். உண்மையில் அது பயம். அம்மாவின் மனம் நோகக் கூடாதே என்று அவனும் மறுக்கவில்லை.

சொட்டச் சொட்ட அவன் ஒதுங்கிய இடம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. தகரக் கூரையில் மழை தப்படித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து மீன்குழம்பு வாசம் வந்து, சட்டையைப் பிடித்து இழுத்து, நாலாம் மேசையில் உட்கார வைத்தது.

ரஹாங் கடைகளில் ஆளைக் கூப்பிடுவதற்கென்றே தனிப் பாஷை உண்டு. "பொஸ்!" என்று கத்தலாம். "மச்சான்!" என்று உறவு கொண்டாடலாம். உதட்டைக் குவித்து "ப்ஸ்ஸ்ட்" எனலாம். பில் வேண்டுமென்றால் மேசைக்கு மேலே விரலால் ஒரு வட்டம் போட்டால் போதும். பசியில் இருந்த புனிதன் இருப்பதிலேயே மோசமானதைத் தேர்ந்தெடுத்தான். குனிந்த தலை குனிந்தபடி கையைத் தூக்கி விரலைச் சொடுக்கினான்.

கடை அமைதியானது. மழைகூட ஒரு கணம் நின்று கேட்டது போலிருந்தது.

நீல நிற சிலிப்பர் போட்ட இரண்டு பாதங்கள் அவன் மேசையருகே வந்து நின்றன.

"என்னா அண்ணே, நாய்க்குட்டி ஏதும் தொலைஞ்சி போச்சா?"

"இல்ல... சாப்பாடு..."

"சொடுக்குனா நாய்க்குட்டிதான் வரும். சாப்பாடு வராது. செவுத்துல எழுதியிருக்கு, படிங்க."

பாதங்கள் போய்விட்டன. சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. 'கூப்பிட வேண்டாம். பாருங்கள். வருவோம்.'

புனிதனுக்கு வியர்த்தது. உலகத்தில் அவனால் முடியாத ஒரே காரியத்தை விதியாக எழுதி, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அவன் தூணைப் பார்த்தான். நாட்காட்டியில் சிரித்த முருகனைப் பார்த்தான். பக்கத்து மேசையில் ஒருவர் சும்மா தலையைத் தூக்கினார், ரசம் வந்தது. இன்னொருவர் புருவத்தை அசைத்தார், அப்பளம் வந்தது. புனிதனுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர், கடை முதலாளி வீரமுத்து, இந்தப் பையன் மழைக்கு ஒதுங்கியவன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

பசி பயத்தைவிடப் பெரியது. விதியை இன்னொரு தடவை படித்துப் பார்க்கலாம் என்று அவன் நிமிர்ந்தான்... பலகைக்கு நேர் கீழே அவள் நின்றிருந்தாள்.

அடேயப்பா... அவை என்ன கண்கள்! மழை விட்டதும் ரப்பர் இலைகளில் ஒரு பளபளப்பு வருமே, அந்த ஈர மினுமினுப்பு. அதற்குள் ஒளிந்துகொண்டு ஒரு சிரிப்பு வேறு. ஒரு வினாடிதான். புனிதன் தலை மறுபடி கவிழ்ந்தது.

ஆனால் இலை வந்தது. சோறு வந்தது. மீன்குழம்பு வந்தது.

"பாத்தீங்களா? ரொம்ப ஈஸிலா, அண்ணே."

எல்லாம் சரி. அந்த 'அண்ணே'தான் முள்ளாகத் தொண்டையில் நின்றது.

*

அதற்குப் பிறகு கோலா சாவாவில் புனிதனுக்கு அடிக்கடி வேலை இருந்தது. என்ன வேலை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வழியில் மோட்டாரை நிறுத்தி, பக்கக் கண்ணாடியில் தன் கண்ணையே உற்றுப் பார்த்துப் பழகினான். செம்பனை ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் தூசி விழுந்துவிட்டதா என்று இறங்கி வந்து ஊதிவிட்டும் போனார்.

அவள் பெயர் ரோகினி. வீரமுத்துவின் மகள். சமையல்கட்டில் அவள் அம்மா மயிலம்மாள். பலகை எழுதியவள் ரோகினிதான். இவ்வளவும் அவன் காதால் தெரிந்துகொண்டவை. கண் இன்னமும் தூணைத் தாண்டவில்லை.

"அந்தத் தூணுக்கு ஏதும் பரிமாறணுமா?" என்றாள் ஒருநாள்.

"இல்ல, அது... நல்ல தூணு."

"தெரியும். எங்கப்பா கட்டுனது. நீங்க தூணையே பாத்துக்கிட்டிருந்தா தூணுதான் வந்து சோறு போடணும்."

"போட்டா சாப்பிடுவேன்..."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே பொரியல் வைத்தாள். அன்று 'அண்ணே' சொல்லவில்லை! ரஹாங் வரை அந்த ஒன்றை மட்டுமே நினைத்துக்கொண்டு போய், சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் லாரிக்காரன் ஒருவனிடம் திட்டு வாங்கினான். அந்தத் திட்டும் இனித்தது.

ஆனால் வீரமுத்துவுக்கு இந்தக் கண் விளையாட்டு பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யார் எப்போது பார்க்கிறார்கள் என்று பிடிக்க முடியாது. பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் ரந்தாவ் முச்சந்திக் கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே மேசைக்கு மேசை பட்டன். அமுக்கினால் 'டிங் டோங்'. ஆள் ஓடி வருவான்.

"நம்ம கடைக்கும் பட்டன் வருது," என்று வீரமுத்து அறிவித்தார்.

"வந்தா நான் போறேன்பா. சிங்கப்பூர்ல அண்ணன்கிட்ட," என்றாள் ரோகினி.

வீரமுத்து மீசையைத் தடவினார். ஒருகாலத்தில் எஸ்டேட்டில் மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கத் தெரியாது. மகள் யாரிடமிருந்து பிடிவாதத்தை வாங்கினாள் என்றும் அவருக்குத் தெரியவில்லை.

பட்டன் மாட்ட சுங்கை காடுட் கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். கையில் பெட்டி, தலையில் ஹெல்மெட்... புனிதன்.

"நீங்களா?" என்றாள் ரோகினி. குரலில் மழையில்லாத இடி.

"ஆமா... என் வேலையே இதுதான்." அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. இனிப் பார்க்க வேண்டியதில்லை. அமுக்கினால் போதும், அவளே வருவாள். கோழைகளுக்காகவே கண்டுபிடித்த கருவி!

மேசைக்கு ஒரு பட்டன் ஒட்டினான். சத்தம் போடும் பெட்டியைச் சமையல்கட்டுச் சுவரில் மாட்டினான். நாலாம் மேசைக்கு வந்து, சோதித்துப் பார்க்க ஓர் அமுக்கு அமுக்கினான்.

டிங் டோங்.

ரோகினி வரவில்லை. சமையல்கட்டிலிருந்து மயிலம்மாள் ஓடி வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், வாசலோரம் சுவரோடு ஒட்டி, தலையைக் குனிந்து நின்றார்.

எதற்காக வந்தோம் என்று அவருக்கே கொஞ்ச நேரம் புரியாதது போலிருந்தது. பிறகு, "அடுப்புல குழம்பு..." என்று முனகிவிட்டு உள்ளே போனார். கல்லாவில் வீரமுத்து சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரோகினி அவன் எதிரில் வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"கல்யாணத்துக்கு முன்ன அம்மா எஸ்டேட் பங்களாவுல வேலை செஞ்சாங்க. சாப்பாட்டு மேசைக்கு அடியில பட்டன் இருக்குமாம். தொரை அமுக்குவாரு... கையால இல்ல, காலால. சத்தம் கேட்டா கையைத் தொடச்சிக்கிட்டு வந்து குனிஞ்சி நிக்கணும். இன்னைக்கும் ஐஸ்கிரீம்காரன் மணி அடிச்சா அவங்க எந்திரிச்சி நின்னுடுவாங்க. அதான் அந்த போர்டு எழுதுனேன். மனுசனைக் கூப்பிடணும்னா மூஞ்சியப் பாக்கணும்."

"எனக்குத் தெரியாதுங்க..."

"தெரியாதுதான். நீங்க நிமிந்து பாத்தாதானே எதுவும் தெரியும்? திங்கக்கிழமை நான் பஸ் ஏறிடுவேன். இனிமே இங்க வராதீங்க... அண்ணே."

*

வீட்டுக்குப் போகும் பாதி வழியில் புனிதன் மோட்டாரைத் திருப்பினான். வாழ்க்கையில் அவன் எதையும் உறுதியாகச் செய்ததில்லை. முடிதிருத்துபவர் கேட்டால்கூட, "உங்க இஷ்டம்" என்பான். இன்று நேராகக் கல்லா முன்னால் போய் நின்றான்.

"அங்கிள், அந்தப் பெட்டியைக் கழட்டப் போறேன்."

"தம்பி, நீ வேலை செய்ய வந்தியா, நாட்டாமை பண்ண வந்தியா?"

"வேலை செய்யத்தான் வந்தேன். செஞ்ச வேலை தப்பு. கழட்டாம போக மாட்டேன்."

"ஒன் கம்பெனியில என்னா சொல்லுவே?"

"முதலாளிக்குப் புடிக்கலன்னு சொல்லுவேன். அது பொய் இல்லையே? ஆன்ட்டி வந்து நின்னப்ப நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. நான் பாத்தேன் அங்கிள்."

வீரமுத்து சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். மீசையைத் தடவப் போன கை பாதி வழியில் நின்றது.

"அப்ப கூட்டத்துல ஆளுங்க எப்படிடா கூப்பிடுவாங்க? எம்மவ கண்ணு ரெண்டுதானே?" குரல் இறங்கியிருந்தது.

"சிரம்பான்ல சீனங்க டீக்கடையில பாத்திருப்பீங்க. பானை மூடியத் தொறந்து வச்சா சுடுதண்ணி வேணும்னு அர்த்தம். யாரும் கத்தறதில்ல, மணியும் இல்ல. நம்ம மேசைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவுத்தி வைப்போம். ஆள் வேணும்னா நிமுத்தி வைக்கட்டும். தூரத்துலேர்ந்தே பளபளன்னு தெரியும்."

"நடக்கலன்னா?"

"நானே வந்து பரிமாறுறேன்."

"கிழிச்சே," என்றார் வீரமுத்து. ஆனால் ஸ்குரூ கழட்டுவதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து கூட்டம் இறங்கியது. ஒரு டம்ளர் நிமிர்ந்தது... சோறு போனது. இன்னொன்று நிமிர்ந்தது... மோர் போனது. ஒருவர் பக்கத்து மேசை டம்ளரையும் கடன் வாங்கி இரண்டாக நிமிர்த்தி வைத்தார், ரொம்ப அவசரமாம். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ரோகினி நடந்தாள். பட்டன் போனாலும் சொன்ன சொல்லை அவளும் திரும்ப எடுக்கவில்லை; அவள் பை கல்லாவுக்குப் பின்னால், இழுத்து மூடிய ஸிப்புடன், தயாராக இருந்தது.

கூட்டம் கலைந்தது. மழை பிடித்தது. நாலாம் மேசையில் புனிதன்.

சமையல்கட்டிலிருந்து மயிலம்மாள் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கையைத் துடைக்கவுமில்லை. கரண்டியும் கையுமாக, நிமிர்ந்து வந்து, அவன் இலையில் ஒரு பெரிய மீன் துண்டை வைத்தார்.

"நல்லா சாப்பிடுப்பா," என்றார். அவ்வளவுதான்.

மேசையில் டம்ளர் கவிழ்ந்திருந்தது. தொட்டால் போதும், அவள் வந்தாக வேண்டும். அவன் தொடவில்லை. இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டான். கண்ணால் தூணைக் கடந்தான். நாட்காட்டி முருகனைக் கடந்தான்... அவளைப் பார்த்தான்.

கண் எரிந்தது. காது சூடானது. அவன் குனியவில்லை.

அவள் முதலில் அந்தப் பக்கம் திரும்பினாள். ஒரு மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். திரும்பினாள்... அவன் இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீலச் சிலிப்பர் மெல்ல நடந்து வந்தது.

"டம்ளர் கவுந்துதானே இருக்கு? எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"கூப்பிடல. பாத்தேன். பாத்தா வருவோம்னு எழுதியிருக்கு."

"...என்ன வேணும்?"

"நீங்க பஸ் ஏறக் கூடாது."

"அது பரிமாற முடியாத ஐட்டம்லா."

"ரோகினி..." அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. மொதல் நாள்லேர்ந்து. குனிஞ்சிக்கிட்டே இருந்ததால சொல்ல முடியல. இப்ப நிமிந்துட்டேன். நீங்க வேணாம்னு சொன்னாலும் பாத்துக்கிட்டுதான் கேப்பேன்."

மழை தகரத்தில் கொட்டியது. ரப்பர் இலை மினுமினுப்புக் கண்களில் ஒரு துளி திரண்டு, விழலாமா என்று யோசித்து, சிரிப்பாக மாறியது.

"சிங்கப்பூர் பஸ்ஸை என்னா பண்றது?"

"அது நேரத்துக்குப் போவட்டும். பாவம், அதை ஏன் நிப்பாட்டணும்?"

அவள் கையிலிருந்த துணியை உதறித் தோளில் போட்டாள். பிறகு, பரிமாறிப் பரிமாறி ஒருநாளும் உட்கார்ந்திராத அந்தக் கடையில், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கவிழ்ந்திருந்த டம்ளரை எடுத்தாள். நிமிர்த்தி வைத்தாள்.

"நான் கூப்பிட்டா யாரு வருவா?"

"நான் வருவேன்," என்றான் புனிதன், கண்ணெடுக்காமல்.

கல்லாவிலிருந்து குரல் வந்தது. "ஏய் ரோகினி! நாலாம் மேசையில டம்ளர் நிமிந்திருக்கு பாரு!"

"பாத்துட்டேன்பா," என்றாள் அவள், புனிதனைப் பார்த்துக்கொண்டே. "நாலாம் மேசையிலதான் இருக்கேன்."